லோயர் பண்ண கார்ல 17 இன்ச் வீல், பின்னாடி டயர் உரசுது

கேள்வி:
ஸ்பிரிங் மாத்தி காரை 40 எம்எம் இறக்கி ஒரு வருஷம் ஆச்சு, 15 இன்ச் வீல்ல (6ஜே, அதாவது ரிம் அகலம் 6 இன்ச்; ஈடி 45, அதாவது ரிம்மோட நடுக்கோட்டுக்கும் அது ஹப்ல உக்கார்ற இடத்துக்கும் 45 எம்எம், இது குறைஞ்சா வீல் வெளிய வரும்; டயர் 185/65, அதாவது அகலம் 185 எம்எம், பக்கச்சுவர் உயரம் அதுல 65 சதவீதம்) ஒரு தொந்தரவும் இல்ல. போன வாரம் 17 இன்ச் அலாய் போட்டேன், 7ஜே ஈடி 38, டயர் 205/50. பாக்க அவ்ளோ அழகா இருக்கு, ஆனா பின் சீட்ல ரெண்டு பேர் உக்காந்து ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனா பின் வீல்ல சர்ர்ர்னு சத்தம், மனசு பதறுது. ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல வைக்கிற தட்டு) போட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றார், போடலாமா?

பதில்:
ஸ்பேசர் போட்றாதீங்க ப்ரோ. அது வீலை இன்னும் வெளிய தள்ளும், உள்பக்கம் உரசுனாதான் அது உதவும். உங்க கணக்க பாருங்க, ரிம் ஒரு இன்ச் அகலமானதுல பக்கத்துக்கு 12.7 எம்எம், ஈடி குறைஞ்சதுல 7, ஆக வெளிப்பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 20 எம்எம் வந்துருச்சு. அதுபோக டயர் மொத்த உயரம் 622லேருந்து 637 ஆயிருச்சு. 205/45 போட்டா 616தான், பழைய அளவுக்கு பக்கத்துல வந்துரும். லோட் இண்டெக்ஸ் (டயர் எவ்ளோ எடை தாங்கும்னு காட்டுற நம்பர்) மட்டும் பழைய டயருக்கு குறையாம பாத்து வாங்குங்க.

பதில்:
மொதல்ல எங்க உரசுதுன்னு கண்ணால பாருங்க. வீலை கழட்டிட்டு டார்ச் அடிச்சா ஃபெண்டர் (வீலுக்கு மேல இருக்குற பாடி தகடு) விளிம்போட உள்மடிப்புல பெயின்ட் தேஞ்சு பளபளன்னு தெரியும். அங்கதான்னா அந்த மடிப்ப ரோல் பண்ணிடலாம் (உருளை வச்சு அழுத்தி மடிச்சு விடுறது), ஆனா ஹீட் கன்னால பெயின்ட்ட நல்லா சூடாக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மடிக்கணும், அவசரப்பட்டா பெயின்ட் வெடிச்சு அந்த கீறல் வழியா துரு ஏறும்.

பதில்:
பம்ப் ஸ்டாப்ப (வீல் ஒரு அளவுக்கு மேல ஏறாம தடுக்குற ரப்பர்) வெட்ட சொல்வாங்க, கேக்காதீங்க, வெட்டுனா வீல் இன்னும் மேல ஏறி இன்னும் உரசும். கேம்பர் வச்சும் (வீலோட மேல்பக்கத்த உள்பக்கமா சாய்ச்சு) சமாளிக்கலாம்னு சொல்வாங்க, பின்னாடி ட்விஸ்ட் பீம் (ரெண்டு பின் வீலையும் இணைக்குற ஒரே பீம்) இருக்குற கார்ல அத லேசுல மாத்த முடியாது, மாத்துனாலும் அளவு மீறுனா டயர் உள்ஓரம் சீக்கிரம் தேஞ்சிரும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கழட்டி பாத்துட்டேன், உள்மடிப்புல நாலு விரல் அகலத்துக்கு பெயின்ட்டே இல்ல, டயர் தோள்ல சுத்தி கத்தியால கோடு போட்ட மாதிரி ஒரு தடம், நல்லவேளை உள்ள நூல் தெரியல. ஸ்பேசர் வேணாம்னு சொல்லிட்டேன். மொதல்ல 205/45 போட்டு, அதே ரெண்டு பேர ஏத்திட்டு அதே ரோட்ல ஓட்டி பாக்குறேன், அப்பவும் உரசுனா ஃபெண்டர் ரோலிங்.