சலித்துக் கலந்தும் இட்லிப் பொடி பிரிகிறது: உதவி தேவை

கேள்வி:
வீட்டில் சின்ன அளவில் இட்லிப் பொடி செய்து விற்கிறேன். வறுத்த பருப்பை ரவை பதத்துக்கு உடைக்கிறேன். மிளகாயைத் தனியாக இடிக்கிறேன். இரண்டையும் ஒரே சல்லடையில் சலித்து, எள் சேர்த்து, டிரம்மில் 20 நிமிடம் சுற்றுகிறேன். ஹாப்பரில் (அடியில் வாய் உள்ள புனல் போன்ற தொட்டியில்) கொட்டிப் பாக்கெட் பிடித்தால், முதலில் வருபவை சிவந்து காரமாக இருக்கின்றன, கடைசியில் வருபவை வெளுத்த பருப்பாக இருக்கின்றன. 40 நிமிடம் சுற்றியும் அப்படியேதான். வாங்கியவர்கள் குறை சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

பதில் 1:
ஈரமாக இருக்கலாம். வெயிலில் காயவைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றாக வறுத்து ஆறவைத்துத்தான் அரைக்கிறேன். கட்டி எதுவும் இல்லை.

பதில் 2:
அக்கா, மாத்திரைக்குப் பவுடர் கலக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஒரே சல்லடை என்றால் ஒரே அளவு என்று ஆகாது. மிளகாய்த் தோல் நீளமான செதிலாக இருந்தாலும் குறுக்குவாட்டில் சல்லடைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். பருப்போ உருண்டை ரவை.

டிரம்மில் நன்றாகவே கலந்திருக்கும். பிரிவது அதற்கப்புறம், ஹாப்பரில் கொட்டும்போது. ஒரே இடத்தில் கொட்டினால் கூம்பாகக் குவியும். செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி நடுவில் நின்றுவிடும், பருப்பு ரவை சரிவில் உருண்டு சுவரோரம் போய்விடும். சின்ன ஹாப்பரில் பெரும்பாலும் நடுப்பகுதிதான் முதலில் இறங்கும், ஓரம் கடைசியில் வரும். அதுதான் உங்கள் சிவப்பும் வெளுப்பும். கொட்டுவதற்கே பிரிக்கும் சக்தி உண்டு. சிறிய வழுவழு மணிகளோடு பெரிய கோணல் துகள்களைக் கலந்து நிறுத்திவைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே கொட்டினால் வரி வரியாக அடுக்கிக்கொள்வதை 1997இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் காட்டியிருக்கிறார்கள்.

அதனால் சுற்றும் நேரத்தைக் கூட்டாதீர்கள். மிளகாயைப் பாதிப் பருப்போடு சேர்த்தே அரையுங்கள். செதில் உடைந்து நைசாகி, பருப்பின் மேல் ஒட்டும். ஹாப்பரில் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். முழுக்கக் காலியாக விடாமல் நிரப்பிக்கொண்டே இருங்கள். எண்ணெய் தெளித்தாலும் ஒட்டும், ஆனால் சிக்கு வாடை சீக்கிரம் வந்துவிடும், அதனால் அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். முதல், நடு, கடைசிப் பாக்கெட்டுகளை வெள்ளைத் தாளில் கொட்டினேன். நிறம் ஒன்றாகவே இருக்கிறது! ரொம்ப நன்றி தம்பி. எள் மட்டும் இன்னும் கடைசியில் கூடுதலாக வருகிறது.

பதில் 2:
எள் வழுவழுப்பு, ஓரத்துக்குச் சறுக்கிப் போகும். பாதியைப் பருப்போடு அரைத்துவிடுங்கள், மீதியைப் பாக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் என்று கையால் போடுங்கள்.