அப்பாயி பாடின பாட்டைத் தேடி முசிறிப் பக்கம் போகிறேன், யாரிடம் போய்க் கேட்பது?

கொழுந்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள், இப்போது கொழும்பில் வேலை. அப்பாயியின் அப்பா முசிறித் தாலுகாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி பிடித்துக்கொண்டு வந்த ஆள் என்பது வரைதான் எங்கள் வீட்டில் தெரியும். ஊர்ப் பெயர் அப்பாயி வாயில் ஒன்று, தோட்டத்து ஆட்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா நிரப்பின விண்ணப்பத்தின் நகலில் வேறொன்று. எழுதினவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருக்கிறார்.

அப்பாயி போன வருஷம் தவறிவிட்டார். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவர் பாடினதை போனில் பிடித்து வைத்திருக்கிறேன். மொத்தமே 40 விநாடி, அதிலும் பாதி தகரக் கூரையில் மழை விழும் சத்தம், நடுவில் என் தம்பி டீ கேட்கிறான். வார்த்தைகள் முழுசாகப் பிடிபடவில்லை, ஒரு இடத்தில் மட்டும் ‘வாய்க்கால்’ என்று தெளிவாக வருகிறது. இழவு வீடுகளில்தான் இதை அவர் பாடிக் கேட்டிருக்கிறோம், அதனால் லயத்தில் எல்லோரும் இதை ஒப்பாரி என்றே சொல்வார்கள்.

மாசியில் பத்து நாள் லீவு போட்டு திருச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தப் பாட்டு தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருப்பார்களா, போய் எப்படிக் கேட்பது? இன்னொன்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, போய் நின்று ஒன்றுமே தோன்றாமல் திரும்பி வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

காவிரிக்கரையான்:

தங்கச்சி, நான் குளித்தலை, ஆற்றைத் தாண்டினால் முசிறி. முதலில் ஒன்று, ‘நாட்டுப்புறப் பாட்டு தெரியுமா’ என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லே ஊரில் கிடையாது, டிவியில் வருகிற பாட்டைப் பாடிக் காட்டுவார்கள். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, தெம்மாங்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, ஒப்பாரியை வீட்டுக்குள் வைத்துப் பாடச் சொல்லாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் ஆகாது என்பார்கள், மருமகள்காரி உங்களை வாசலோடு அனுப்பிவிடுவாள். களத்துமேடு, கோயில் திண்ணை, தோப்பு, இப்படி வெளியே எங்காவது என்றால் வயசான அம்மாக்கள் மெதுவாக ஆரம்பிப்பார்கள். போனை முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது, மடியில் கிடக்கட்டும்.

ஊரைக் கண்டுபிடிக்கக் குலசாமியைப் பிடியுங்கள். பேர் மாறும், ஊர் மாறும், குலசாமி மாறாது. உங்கள் லயத்துக் கோயிலில் என்ன சாமி, எங்கிருந்து பிடிமண் எடுத்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்தப் பெயரைச் சொன்னால் முசிறியில் டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள்.

கோத்தகிரி மழை:

எங்கள் அம்மா 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினவர், மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் நீலகிரி. ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள், அதில் அம்மா ஒரு எண், அவருடைய அக்கா அங்கேயே தங்கின 3,00,000இல் ஒரு எண். இரண்டு பேரும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பூர்வீக ஊருக்கு நாங்களும் போனோம், துறையூர்ப் பக்கம். பங்காளி வீட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்தோம், காப்பி வந்தது, அப்புறம் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், ‘நிலத்துல பங்கு கேட்டு வந்திருக்கீங்களா?’ அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கையோடு கொண்டு போயிருந்த தேயிலைப் பொட்டலத்தை டீப்பாயில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். நீங்கள் போனதும் முதல் வார்த்தையாக, சொத்துக்கு வரவில்லை, பாட்டுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

மாசி என்றீர்களே, அங்கே உங்கள் தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்து நடக்கிற மாதம் அது. அதை விட்டுவிட்டா இங்கே வருகிறீர்கள்? கம்பம் ஊன்றி, ராத்திரியெல்லாம் தப்பு அடித்து, ஆம்பிளை ஒருத்தர் ரதி வேஷம் கட்டிக்கொண்டு புருஷன் எரிந்துபோனதற்கு அழுவாராமே. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணிப் பாட்டுப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள், அது வேறு ருசி. எங்கள் துறையூர்ப் பங்காளிகளிடம் காமன் என்று கேட்டதற்கு எந்தப் படம் என்றார்கள்.

ரப்பர்மரம்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நானும் நாமக்கல் பக்கம் தாத்தா ஊருக்குப் போயிருக்கிறேன். கோயில் திருவிழாவுக்குக் கீபோர்டும் பேண்டு செட்டும் வைத்திருந்தார்கள். எங்கள் பையன்கள் கிள்ளானில் உறுமி தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்கு உயிரைக் கொடுத்து அடிக்கிறார்கள், தாத்தா ஊரில் இருக்கிறவர்களுக்கு அதன் அருமையே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கோபமாகத்தான் வந்தது.

காவிரிக்கரையான்:

ரப்பர்மரம் அண்ணே, கோபப்படுங்கள், ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் படுங்கள். எங்கள் ஊரில் தப்பு அடித்தவர் அதைக் கலை என்று அடிக்கவில்லை. சாவுக்குக் கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும், கூலி என்று கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், தெருவில் செருப்பு போட முடியாது. அவர் மகன் அந்தத் தப்பைப் பரண் மேல் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனான். அவனிடம் போய் ஏன் விட்டாய் என்று எந்த வாயால் கேட்பது? இன்றைக்கு மேடையில் பறை கற்றுக்கொடுக்கிற இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களே இஷ்டப்பட்டு எடுத்ததால் அது நன்றாகவும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், நாங்கள் எல்லாவற்றையும் அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள்.

நடவுப் பாட்டும் அப்படித்தான் குறைந்துபோனது. பாதி வயலில் மிஷின், மீதிக்கு வங்காளத்திலிருந்து ஆள் வருகிறது. அவர்களும் நடும்போது பாடுகிறார்கள், என்ன பாஷை என்று நமக்குப் புரியாது. தங்கச்சி, உங்கள் பதிவில் வாய்க்கால் வருகிறது என்றது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. தோட்டத்தில் வாய்க்கால் உண்டா?

கொழுந்துக்காரி:

வாய்க்கால் இல்லை அண்ணே. எங்களுக்குக் கான்தான், கான் வெட்டுவது என்றுதான் சொல்வோம். நான் இதை யோசிக்கவே இல்லை.

ரப்பர்மரம்:

சரி, நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். தங்கச்சி, போய்விட்டு வந்து எழுதுங்கள். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை உண்டு, ஊரில் யாரும் கிடைக்காவிட்டால் அங்கே விசாரிக்கலாம். உங்கள் பக்கத்துப் பாட்டுகளை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்திருக்கிறார், போகுமுன் அதில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்துக்காரி:

போய் வந்து மூன்று வாரம் ஆகிறது, எழுதக் கை வரவில்லை.

ஊர் கிடைத்தது. விண்ணப்பத்தில் இருந்ததும் இல்லை, அப்பாயி சொன்னதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெயர். குலசாமியை வைத்துத்தான் பிடித்தேன், காவிரிக்கரையான் அண்ணனுக்குக் கடன்பட்டிருக்கிறேன். வீடு என்று எதுவும் இல்லை, அந்த இடத்தில் வாழை போட்டிருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றபோது ஒன்றும் தோன்றவில்லை, வெயில்தான் அடித்தது, செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. நான் பயந்தது இதைத்தான்.

கோயில் திண்ணையில் நாலைந்து அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொத்துக்கு வரவில்லை என்றேன், சிரித்தார்கள். ஒப்பாரி ஒன்று இருக்கிறது, கேட்கிறீர்களா என்று போட்டுக் காட்டினேன். மழைச் சத்தம் வந்ததும் ஒருத்தர், எண்பது வயது இருக்கும், போனைக் காதோடு வைத்துக்கொண்டார். மூன்று தடவை கேட்டார். அப்புறம், ‘இது ஒப்பாரி இல்ல சாமி, நடவுப் பாட்டு. உங்க அப்பாயி இழுத்துப் பாடுது’ என்றார். சேற்றில் குனிந்து நாற்றை ஊன்றுகிற மாதிரி கையை வெறும் தரையில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அதே பாட்டைப் பாதி நேரத்தில் பாடி முடித்துவிட்டார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

தேயிலை மலையில் நாற்று நட எங்கே போவது. அப்பாயிக்கு அவர் அம்மா பாடிக்கொடுத்திருப்பார், கைக்கு வேலை இல்லாமல் பாட்டு மெதுவாகிப் போயிருக்கும், மெதுவாகப் பாடினதால் இழவு வீட்டுக்குப் போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். எப்படியோ, நான் அங்கே அழவில்லை. திரும்பி வந்து தோட்டத்தில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், இரண்டு பதிவையும். அப்பா அப்பாயியுடையதை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

அந்த அம்மா பாடினதை முழுசாக எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு சொல் மட்டும் புரியவில்லை. ஒன்று ஏதோ நெல்லின் பெயர் மாதிரி இருக்கிறது. காவிரிக்கரையான் அண்ணே, தனிச் செய்தியில் ஆடியோ அனுப்புகிறேன், வீட்டில் யாராவது பெரியவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்ல முடியுமா?