4294967297 பகா எண்ணா? ரெண்டு புரோகிராம் ரெண்டு விதமா சொல்லுது

சல்லடை:
வணக்கம். பைத்தானில் பகா எண் சோதனை எழுதிட்டிருக்கேன். ஃபெர்மா முறை: 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால வகுத்து மீதி 1 வந்தா "பகா எண்"னு காட்டும். 3-ல இருந்து 100 வரைக்கும் எல்லாம் சரி. 4294967297 கொடுத்தாலும் மீதி 1தான் வருது. ஆனா வரிசையா வகுத்துப் பார்க்கிற பழைய புரோகிராம், 641-ஆல வகுபடுதுங்குது. இதையே சி-யில போட்டா எண்ணே வெறும் 1-னு பிரிண்ட் ஆகுது. எதை நம்புறது?

ரெண்டாம்பெஞ்ச்:
சி விஷயம் சின்னது. 32 பிட்டில் (குறி இல்லாம) அதிகபட்சம் 4294967295. நீங்க கொடுத்தது அதைவிட 2 கூட, அதனால சுத்தி வந்து 1-ல நிக்குது. 64 பிட்டுக்கு மாத்துங்க.

கரும்பலகை:
வகுக்கும் புரோகிராம் சொல்வதே சரி. 641 × 6700417 = 4294967297. பேனாவை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், தம்பி.

உங்கள் எண் 2^32 + 1, அதாவது ஐந்தாம் ஃபெர்மா எண் (2^(2^n) + 1 என்ற வடிவில், n-ஐ 0-இலிருந்து எண்ணினால்). இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை பலித்தது. அடுத்ததை 1732-இல் ஆய்லர் உடைத்துவிட்டார்.

சோதனை ஏமாந்த காரணம் இது. இந்த எண்ணால் வகுத்தால் 2^32-க்கு மீதி −1. இருமடி எடுத்தால் 2^64-க்கு மீதி 1. எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது 2^32. அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். எந்த ஃபெர்மா எண்ணைக் கொடுத்தாலும் 2 என்ற அடிமானம் (அடுக்குக்கு உயர்த்தும் எண்) இப்படித்தான் தலையாட்டும்.

சல்லடை:
நன்றி சார். ஃபெர்மா முறையைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனை போட்டேன், அதுவும் 2-ஐ வெச்சு "பகா எண்"ங்குதே!

கரும்பலகை:
சொல்லத்தான் செய்யும். 2-ஐ இருமடி எடுத்துக்கொண்டே போனால் ஐந்தாவது படியிலேயே −1 வந்துவிடும், அதற்கு அது போதும். அடிமானத்தை 3 ஆக்குங்கள். 3-ஐ 2^32 அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 3029026160; பகா எண்ணாக இருந்தால் 1 வந்திருக்கும். கதை முடிந்தது.

ரெண்டாம்பெஞ்ச்:
641 எப்படிக் கிடைச்சதுன்னும் பாருங்க, அதான் எனக்குப் பிடிச்ச இடம். இதோட பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோட 1 சேர்ந்ததா இருக்கணும்னு ஆய்லர் காட்டினார். அப்போ சோதிக்க வேண்டியது 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுலயே விழுந்துடுச்சு!

இன்னொரு வழியும் இருக்கு: 65536² + 1², 62264² + 20449² ரெண்டும் இதே எண்தான். ஒரு பகா எண்ணை ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா ரெண்டு விதமா எழுதவே முடியாது.

சல்லடை:
அடிமானம் 3-க்கு "பகு எண்"னு வந்துடுச்சு. 6700417 பகா எண்தானா?

கரும்பலகை:
ஆம். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதன் காரணி எதுவும் உங்கள் எண்ணுக்கும் காரணியே; பிற்பாடு லூக்காஸ் என்ற கணிதவியலாளர் ஆய்லரின் 64-ஐ 128 ஆக்கிவிட்டதால், அதுவரை பார்க்கவேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூட வகுக்கவில்லை.