பூனைக்குட்டியின் படுக்கையில் வெள்ளையாக நெளிகிறது, பையன் ராத்திரி சொறிகிறான். இரண்டும் ஒன்றா?

தேன்மொழி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் வயதான நாய் ஒன்று இருக்கிறது. அதற்கு ஊசி, மருந்து எல்லாம் ஒழுங்காகப் போகிறது. இப்போது பிரச்சினை புதிதாக வந்த பூனைக்குட்டி. மழையில் நனைந்து வாசலில் கத்திக்கொண்டிருந்ததை என் மகன் உள்ளே தூக்கி வந்துவிட்டான். அதன் வாலடியிலும் படுக்கைத் துணியிலும் வெள்ளையாகச் சின்னச் சின்னதாக ஏதோ ஒட்டியிருக்கிறது. புதிதாக விழுந்தது சுருங்கி விரிந்து நகர்கிறது. காய்ந்ததும் அரிசிக் குருணை மாதிரி ஆகிவிடுகிறது.

இதே நேரம் பார்த்து பையனும் (ஐந்து வயது) ராத்திரியானால் பின்புறத்தைச் சொறிந்துகொண்டு தூங்காமல் புரள்கிறான். "பூனைப் பூச்சி பிள்ளைக்கு ஏறிடுச்சு, கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வா" என்று மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். நாத்தனார் வேறு மாசமாக இருக்கிறாள், இங்கே வந்து தங்கப்போகிறாள். பூனை உள்ள வீட்டில் கர்ப்பிணி இருக்கவே கூடாது என்று எங்கேயோ படித்துவிட்டு அவள் கணவர் போன் மேல் போன்.

நாய்க்குப் பிடரியில் விடும் உண்ணி சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. எடைக்குக் கணக்குப் போட்டு அதில் கொஞ்சம் குட்டிக்கு விடலாமா? அப்புறம், நேற்று குட்டி பையன் கையில் கீறி லேசாக ரத்தம் வந்தது. துடைத்துவிட்டேன், அது ஒன்றுமில்லை. புழு விஷயம்தான் பயமாக இருக்கிறது.

ஊசிக்காரி:

சொட்டு மருந்தை முதலில் எடுத்து மேலே வையுங்கள். குட்டிக்கு ஒரு துளிகூட வேண்டாம். நாய்க்கான சொட்டு பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு அது ஒத்துக்கொள்ளும், பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். இந்தச் சொட்டு விட்ட பூனைகளைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் காது துடிக்கும், எச்சில் ஒழுகும், பிறகு உடம்பே நடுங்கும், அப்புறம் வலிப்பு. எடைக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. நாய்க்கு விடும் நாளிலும் மருந்து காயும்வரை குட்டியை அதன்மேல் ஒட்டிப் படுக்க விடாதீர்கள். பாரசிட்டமாலும் பூனைக்கு விஷம்தான், யாராவது யோசனை சொல்வதற்குள் சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் பார்ப்பது நாடாப்புழுவின் துண்டுகள். உங்கள் வர்ணனைக்கு வேறு எதுவும் பொருந்தவில்லை. இந்தப் புழு ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவாது, நடுவில் தெள்ளுப்பூச்சி வேண்டும். துண்டுக்குள் இருக்கும் முட்டையைத் தெள்ளின் புழுப்பருவம் தின்னும். அது வளர்ந்து தெள்ளாகிக் கடிக்கும். பூனை உடம்பை நக்கும்போது அந்தத் தெள்ளை விழுங்கும். மனிதருக்கும் வர வேண்டுமென்றால் தெள்ளை விழுங்கியாக வேண்டும். தரையில் புரளும் சின்னக் குழந்தைகளுக்கு எப்போதாவது நடப்பதுண்டு, ஆனால் அபூர்வம்.

குட்டியை வெள்ளைத் துணிமேல் நிறுத்தி, முதுகிலிருந்து வால்வரை சீப்பால் சீவுங்கள். கரும்பொடி கொட்டும். தூசி என்று உதறிவிடாமல் அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். செங்காவியாகக் கரைந்து பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது குட்டியிடம் குடித்த ரத்தம். மண்ணாக இருந்தால் அப்படி நிறம் விடாது.

நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் மாத்திரை கொடுப்பார்கள், நன்றாகக் கேட்கும். ஆனால் தெள்ளை விட்டுவைத்தால் மூன்று வாரத்தில் அதே துண்டுகள் திரும்ப வரும், "மருந்து போலி" என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். குட்டிக்கு உருளைப்புழுவும் இருக்கலாம், அது தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் உருளைப்புழு முட்டையால் தொல்லை இல்லை. வெளியே வந்தபின் மண்ணில் சில வாரம் கிடந்தால்தான் அது தொற்றும் நிலைக்கு வரும். பையன் விளையாடும் மணலை மட்டும் மூடிவையுங்கள்.

இனிப் பையன். ராத்திரி மட்டும் பின்புறம் அரிப்பு என்றால் பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது மனிதப் புழு. பூனையிடமிருந்தோ நாயிடமிருந்தோ வராது, பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து முட்டையிடும், அதனால்தான் அந்த நேரத்து அரிப்பு. காலையில் கழுவுவதற்கு முன்னால் ஒட்டும் டேப்பை அங்கே ஒற்றி எடுத்து டாக்டரிடம் கொண்டுபோங்கள். இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் கொடுப்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மாமியாரும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும், அதை நீங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

மூன்றுபூனைஅம்மா:

நாத்தனார் விஷயத்துக்கு மட்டும் பதில். என் இரண்டு பிரசவமும் பூனைகளோடுதான். பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. கர்ப்ப காலத்தில் அது முதன்முறையாகத் தொற்றினால்தான் கருவுக்கு ஆபத்து. பூனை முதல்முறை தொற்று வாங்கும்போது ஓரிரு வாரம், கூடிப்போனால் மூன்று வாரம் மலத்தில் அதை வெளியேற்றும். அந்த மலமும் உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். ஆகவே மலப்பெட்டியைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். அவர் அதைத் தொடவே வேண்டாம்.

பூனையைத் தடவுவதைவிட அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, கையுறை இல்லாமல் தோட்ட மண் கிளறுவது, இவற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஏற்கெனவே தொற்று வந்து போயிருக்கிறதா என்று தெரியும். அவர் கணவரிடம் உங்களுக்குப் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டு டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நிழல்மரம்:

எல்லோரும் புழுவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தேன்மொழி, கீறி ரத்தம் வந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அவசரம் அதுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, தடுப்பூசி போடாத குட்டி. ரத்தம் வந்தாலே வெறிநாய்க்கடி (ரேபிஸ்) விஷயத்தில் அதை மூன்றாம் வகை, அதாவது மிகத் தீவிரமான வகைக் காயமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் போடுவார்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. தடுப்பூசியை நேரத்தோடு போட்டால் வரவிடாமல் தடுத்துவிடலாம்.

இப்போதே சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் 15 நிமிடம் கழுவுங்கள், நேற்றே துடைத்திருந்தாலும் சரி. மேலே கைவைத்தியம் எதையும் பூச வேண்டாம், கட்டும் போட வேண்டாம். இன்றைக்கே மருத்துவமனை.

இன்னொன்று, குட்டியை எங்கும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். 10 நாள் கண்காணிப்பில் பூனை நன்றாக இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். விட்டுவிட்டால் யாரைக் கண்காணிப்பது? அதற்காக அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசிக்குக் காத்திருக்கவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மாமியாருக்கு இந்தக் காரணமே போதும்.

தேன்மொழி:

போய்விட்டு வந்தாயிற்று. கழுவி, காயத்தைச் சுற்றி ஊசி போட்டு, தடுப்பூசியும் தொடங்கிவிட்டார்கள். டேப் பரிசோதனையில் கீரிப்பூச்சி முட்டைதான். மாமியார் இன்னும் நம்பவில்லை, ஆனால் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டார். குட்டியைச் சீவினேன், தண்ணீர் பட்டதும் துணி செங்காவியாகிவிட்டது. கால்நடை டாக்டர் குட்டி எடைக்குச் சொட்டும் புழு மாத்திரையும் கொடுத்தார். ஊசிக்காரி அக்கா, நாய்மேல் ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லை. அதற்கும் தெள்ளு மருந்து விடணுமா?

ஊசிக்காரி:

விடணும். உங்களிடம் மிச்சம் இருப்பது தெள்ளுக்கும் கேட்குமா, கெடு தாண்டவில்லையா என்று பெட்டியைக் காட்டிக் கேட்டுக்கொண்டு, நாய்க்கு மட்டும். கண்ணில் படும் தெள்ளு கொஞ்சம்தான். முட்டை, புழு, கூடு எல்லாம் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும், மருந்தும் அதை எளிதில் எட்டாது. நடமாட்டத்தின் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால்தான் வெளியே வரும். ஆகவே படுக்கைத் துணிகளைச் சுடுதண்ணீரில் துவையுங்கள், வாக்குவம் வைத்து இடுக்கெல்லாம் உறிஞ்சிப் பையை அன்றைக்கே வெளியே போடுங்கள். இரண்டுக்கும் டாக்டர் சொன்ன இடைவெளியில் மூன்று மாதமாவது விடாமல் மருந்து போகட்டும். நடுவில் திடீரென்று தெள்ளு கூடின மாதிரி தெரியும். அது கூடு பிரிந்து வருவது, மருந்தை மாற்றாதீர்கள்.