சின்னப் பிள்ளையின் இரவு இருமலுக்கு என்ன செய்யலாம்?

அக்காமார், அம்மாமார், ஒரு உதவி வேணும். நாங்கள் கோண்டாவில் பக்கம். மகளுக்கு இரண்டரை வயது. தடிமன் விட்டுவிட்டது, இருமல்தான் விடுகிறதாயில்லை. பகலில் முற்றம் முழுக்க ஓடித் திரிகிறாள். படுக்கப் போட்டால் சளி தொண்டைக்குள் இறங்கி, இருமி இருமிக் குடித்த பாலையும் சத்தி எடுத்துவிடுகிறாள். காய்ச்சல் இல்லை, இழுப்பும் இல்லை. டொக்டர் பார்த்துவிட்டு, சிரப் தேவையில்லை, மூச்சு வேகமாக வாங்கினாலோ நெஞ்சு உள்ளே இழுபட்டாலோ உடனே கொண்டு வாங்கோ என்றார்.

படுக்க முதல் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கிறேன் (ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, கவனம்). கொஞ்சம் சுகம். மழையோடு நுளம்பு கூடிவிட்டதென்று கொளுத்திய சுருளையும் நிற்பாட்டி வலை கட்டிவிட்டோம். பாதி வில்லங்கம் அந்தப் புகைதான் என்பது என் எண்ணம்.

மாமி வேர்க்கொம்பு போட்ட மல்லித்தண்ணி கொடுக்கச் சொல்கிறா. இந்த வயதுக்கு உறைக்காமல் எப்படி அவிப்பது, எவ்வளவு கொடுப்பது? கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சாமத்தில் இருமி எழும்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் மட்டும் சொல்லாதீர்கள், சின்னவர்களுக்கு அது ஆபத்து.