2½ கப்பில் ¾ கப் எத்தனை தடவை? 3¼ ஆ, 3⅓ ஆ?

கேள்வி:
மகள் ஆறாம் வகுப்பு. கணக்கு இதுதான்: டப்பாவில் 2½ கப் மாவு. ஒரு தடவை பிசைய ¾ கப் வேண்டும். எத்தனை தடவைக்கு வரும்? தாளில் போட்டால் 5/2 × 4/3 = 20/6, அதாவது 3⅓. அவள் நம்பவில்லை. கால் கப்பை எடுத்து, மூன்று மூன்றாக அளந்து மூன்று பங்கு பிரித்தாள். மிச்சம் சரியாக ஒரு கால் கப். "பாத்தியாம்மா, 3¼தான்!" அவள் அளந்ததிலும் தப்பில்லை, தாளிலும் தப்பில்லை. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
மிச்சம் கால் கப்தான். ஆனால் கணக்கு கேட்பது கப்பை இல்லை, தடவையை. ஒரு தடவைக்கு மூன்று கால் வேண்டும், கையில் இருப்பது ஒரு கால். ஆக, மூன்றில் ஒரு தடவை.

தலைகீழாக்கிப் பெருக்கும் வித்தையைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். முக்கால் என்றாலே மூன்று கால்தானே? இரண்டரையில் பத்துக் கால். பத்தை மூன்று மூன்றாகப் பிரித்தால் மூன்று பங்கு, ஒன்று மிச்சம். இதில் பின்னம் எங்கே இருக்கிறது!

பதில் 2:
மாவு வேண்டாம், தண்ணீரில் செய்யுங்கள். அமுக்கி அள்ளினால் அதே கப்பில் மாவு கூடுதலாகப் பிடிக்கும். என் பையன் அப்படி அள்ளி, மூன்று பங்குகூடத் தேறாமல் அரை மணி நேரம் சண்டை போட்டான்.

கேட்டவர்:
ஒரே மாதிரி நான்கு கிளாஸில் தண்ணீர் ஊற்றினோம். நாலாவதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் வந்தது. முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டாள். இப்போது அடுத்தது: 1½ கப்பில் ⅔ கப் எத்தனை தடவை? இதற்குக் கால் கப் உதவவில்லையே?

பதில் 1:
அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் பொதுவாக வருவது ஆறில் ஒன்று. 1½இல் அது ஒன்பது, ⅔இல் நான்கு. இரண்டு தடவை போக ஒன்று மிச்சம், அது நான்கில் ஒன்று. விடை 2¼. அவள் கேட்ட கால் இங்கே கிடைத்துவிட்டது!

ஆறில் ஒரு கப் கடையில் சுலபமாகக் கிடைக்காது. உங்கள் கப் 240 மி.லி. என்றால் 5 மி.லி. ஸ்பூனால் எட்டு தடவை ஊற்றுங்கள். 250 மி.லி. கப்பில் இப்படி முழுசாக வராது, அடியில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.