இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு: உயரம் 169.5, பேரில் ஒரு எஃப்ஐஆர். தம்பி எழுதலாமா?

உசிலை_பாண்டி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். தம்பிக்கு 20 வயசு, எம்பிசி, தமிழ் வழியில் பத்தாவது பாஸ். சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அடுத்த அறிவிப்புக்குத் தயாராகிறான். வீட்டுச் சுவரில் அளந்தால் உயரம் 169.5 வருது. போன வருசம் ஊர்த் திருவிழா அடிதடியில் போட்ட எஃப்ஐஆரில் அவன் பேரும் இருக்கு, வழக்கு முடியல. விண்ணப்பத்தில் "வழக்கு இல்லை"ன்னு போட்டுரச் சொல்றாங்க. போடலாமா? தேர்வானால் பயிற்சி மதுரை பக்கம் இடையப்பட்டி காவலர் பயிற்சிப் பள்ளியிலேயே கிடைக்குமா?

கவாத்து மாஸ்டர்:
உயரத்தை முதலில் பார்ப்போம். ஆண்களுக்கு ஓசி, பிசி, எம்பிசி எல்லாருக்கும் 170 செ.மீ., எஸ்சி, எஸ்டிக்கு 167. அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் வெளியேதான், முழுமையாக்கிக் கணக்குப் போட மாட்டார்கள். ஆனால் சுவர் அளவை நம்பாதீர்கள். தரை சமமாக இருக்காது, தலையில் வைக்கும் அட்டை சாயும். அரசு மருத்துவமனையில் உயரம் பார்க்கும் கம்பத்தில், வெறுங்காலோடு, குதிகால் ஒட்டி, பார்வை நேராக வைத்து, காலை எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அளந்து பாருங்கள். நாள் முழுக்க நின்றால் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி, சாயந்தரம் சுமார் 1 செ.மீ. வரை குறையும். அளவெடுப்பு அன்று வரிசையில் தேவையில்லாமல் நிற்காமல் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

மார்பளவிலும் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண நிலையில் 81 செ.மீ., மூச்சை இழுத்தால் விரிவு குறைந்தது 5 செ.மீ. சாதாரண அளவு 84 இருக்கிறவன் 86 காட்டினால் போதாது, 89 காட்டணும். நாடா வைத்து இப்போதே பழக்குங்கள்.

ரேஸ்கோர்ஸ் கோச்:
1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும். 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 112 விநாடி. முதல் சுற்றை 85-ல் ஓடிவிட்டு மூன்றாவதில் நடக்கிற பையன்கள்தான் அதிகம். எல்லாச் சுற்றும் 105 விநாடியில் வருகிற மாதிரி பழகினால் கடைசியில் கையில் நேரம் மிஞ்சும். தார் ரோட்டில் மட்டும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி பிடிக்கும். வாரம் பாதி நாள் மண் தரையில் ஓடட்டும்.

இதற்கப்புறம்தான் மதிப்பெண் உள்ள உடல்திறன் போட்டி. கயிறு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 4.50-க்கு இரண்டு. 100 மீட்டர் ஓட்டத்தில் 15 விநாடிக்கு ஒரு ஸ்டார், 13.5 விநாடிக்கு இரண்டு. தாண்டுதலில் நீளத்துக்குப் பதில் உயரமும், ஓட்டத்தில் 100-க்குப் பதில் 400 மீட்டரும் எடுக்கலாம். கயிற்றில்தான் பலர் கவிழ்வார்கள். கை பலத்தால் மட்டும் இழுத்தால் நாலு மீட்டரில் முன்னங்கை இறுகிவிடும். கயிற்றை ஒரு பாதத்தின் மேலே சுற்றவிட்டு, மறுபாதத்தால் அழுத்திப் பூட்டி, முழங்காலை நிமிர்த்தி ஏறணும். உடம்பைத் தூக்குவது தொடை, கை பிடிமானத்துக்குத்தான்.

வழக்கறிஞர்_அமர்வு:
எஃப்ஐஆர் விஷயம்தான் இதில் பெரியது. மறைக்கவே மறைக்காதீர்கள். தேர்வான பின் முன்னடத்தை விசாரணைக்கு உள்ளூர் ஸ்டேஷனிலிருந்தே அறிக்கை போகும். அந்தக் குற்ற எண் அங்கேதான் கிடக்கிறது. மறைத்தது தெரிந்தால், வழக்கோடு பொய்ச் சொன்ன குற்றமும் சேரும்.

காவல் சார்நிலைப் பணி விதிகளில் விதி 14(பி) இதைப் பேசுகிறது. சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும், "வழக்கில் சம்பந்தப்பட்டவர்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முன்னடத்தை விசாரணை நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிற்பாடு கௌரவமான விடுதலை வந்தால், அடுத்த தேர்வில்தான் உரிமை கோர முடியும்.

உசிலை_பாண்டி:
ரெண்டு தரப்பும் ராஜியாகப் பேசிட்டாங்க. சாட்சிகள் வராமல் இருந்தால் தானே முடிஞ்சிரும்னு இருந்தோம்.

வழக்கறிஞர்_அமர்வு:
அப்படி முடிந்தால் நான் மேலே சொன்ன இடத்தில்தான் போய் மாட்டும். எஃப்ஐஆர் நகல், குற்றப்பத்திரிகை இரண்டையும் எடுத்துக்கொண்டு, பணி வழக்கும் பார்க்கிற வழக்கறிஞரிடம் போங்கள். தம்பி மீது குறிப்பான குற்றச்சாட்டே இல்லை, கூட்டத்தோடு பேர் சேர்க்கப்பட்டது என்றால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 528-ன் கீழ் தம்பியைப் பொறுத்தவரை மட்டும் வழக்கை ரத்து செய்யக் கேட்க முடியுமா என்று பார்க்கலாம். உத்தரவில் வெறும் ராஜி என்று எழுதுவதற்கும், குற்றத்துக்கு ஆதாரமே இல்லை என்று எழுதுவதற்கும் நடைமுறையில் நிறைய வித்தியாசம். எம்பிசிக்கு வயது வரம்பு 28, அவசரமில்லை. தேர்வுக்குப் படிக்கட்டும், ஆனால் வழக்கை முதலில் எடுங்கள்.

கவாத்து மாஸ்டர்:
பயிற்சி இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. இடையப்பட்டி வரலாம், தூத்துக்குடி பக்கம் பேரூரணிப் பயிற்சிப் பள்ளியும் வரலாம். அடிப்படைப் பயிற்சி 7 மாதம், அங்கேயே தங்கணும். காலையில் உடற்பயிற்சி, கவாத்து. பகலில் சட்ட வகுப்பு. 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று குற்றவியல் சட்டங்களும் நடைமுறையில் இருப்பதால் பழைய ஐபிசி கைடு வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று: தமிழ் வழி ஒதுக்கீடு 20 சதவீதம். ஒன்று முதல் பத்து வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வேணும். இடையில் பள்ளி மாறியிருந்தால் இப்போதே தலைமையாசிரியரைப் பாருங்கள். அறிவிப்பு வந்தபின் அலைந்தால் கிடைக்காது.